பால்வாடிச் சுவரில் ஒரு தீபம்

பிள்ளைகளே, நேற்றுக் காலையில் சின்னவன் பால்வாடிக்குப் போகமாட்டேன் என்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதான். பெரியவள் பக்கத்தில் நின்று தலை பின்னிக்கொண்டே சிரித்தாள். "நான்லாம் அழுததே இல்ல. நேரா உள்ள போய் உக்காந்துக்குவேன்" என்றாள். உங்கள் அம்மா என்னைப் பார்த்தாள். நான் உங்கள் அம்மாவைப் பார்த்தேன்.

சின்னவனைத் தூக்கிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்த பிறகுதான் இதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. நான் நாலாவது வரை படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால், பெரியவளே, நீ திருத்திக்கொள். நடந்ததைத் திருத்தாதே. இது உன் கதை. உனக்குத்தான் சொல்கிறேன், தம்பியும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும்.

எழுபதுகளின் கடைசியில் அது. உனக்கு நாலு வயது. இப்போது தம்பி போகிற அதே பால்வாடிதான். ஓடு போட்ட ஒரே அறை, பின்னால் சோறு பொங்க ஒரு சாய்ப்பு, மேற்குப் பக்கம் மலை தெரிகிற ஜன்னல். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு டீச்சர், சமைத்துப் போட ஒரு ஆயா. எனக்கு அப்போதும் இதே வெள்ளையடிக்கும் வேலைதான்.

நீ அழுத அழுகை சாதாரண அழுகை இல்லை. தெருவில் போகிறவர்கள் நின்று, "யாரு ஊட்டுக் கொழந்த?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். மிட்டாய் கொடுத்தால் வாங்கி வாயில் போட்டுக்கொண்டு அழுவாய். கடைசியில் நீயே ஒரு வழி கண்டுபிடித்தாய். என் தோளில் கிடந்த துண்டை இழுத்து, அந்த மேற்கு ஜன்னல் கம்பியில் கட்டச் சொன்னாய். துண்டு இருந்தால் அப்பா இருக்கிறார் என்று உனக்குக் கணக்கு. துண்டு இல்லாமல் அப்பா எங்கேயும் போனதை நீ பார்த்ததில்லை.

கட்டிவிட்டு நழுவிவிடலாம் என்றால் அதுவும் நடக்காது. துண்டுக்குக் கீழே சுவரோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டு, அப்பப்போ ஜன்னலைப் பார்த்து, "யப்பா!" என்று ஒரு குரல் கொடுப்பாய். வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிற நான், "இருக்கேன் கண்ணு" என்று சொல்ல வேண்டும். பதில் வரக் கொஞ்சம் தாமதமானால் போச்சு. மற்றப் பிள்ளைகள் பாட்டுப் பாடும்போதும் நீ வாயைத் திறக்கமாட்டாய். டீச்சர் கையை நீட்டினால் சுவருக்குள் புகுந்துவிடுவதுபோல ஒடுங்குவாய். மத்தியானம் நீ தூங்கிய பிறகுதான் நான் வேலைக்கு ஓடுவேன்.

கார்த்திகை மாதம். தீபத்துக்கு முன்னால் இந்த ஊரில் வெள்ளையடிக்காத வீடு இருக்காது. அந்தச் சமயத்தில் நான் பாதிப் பொழுது மரத்தடியில் நின்றால் மேஸ்திரி சும்மா இருப்பாரா?

"இன்னாப்பா, பால்வாடியில நீயும் சேந்துட்டியாமே? சிலேட்டு குடுத்தாங்களா?" என்பார். சாரத்தின் மேலே நிற்கிறவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள்.

வீட்டில் உங்கள் அம்மா வேறு மாதிரி. அவள் கடைக்குப் பூக் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் பூவைக் கட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"அழுது அழுது கொழந்தைக்குத் தொண்டையே கட்டிக்கிச்சி. தீபம் வரைக்கும் பாக்கலாங்க. அதுக்கப்புறம் என்கூடவே இருக்கட்டும். ஸ்கூலு எங்க ஓடிப்போவப் போவுது?"

அவள் சொன்னதில் தப்பு இல்லை. ஆனால் எனக்கு என் கதை நினைவுக்கு வந்தது. என்னையும் சின்ன வயதில் இப்படித்தான், அழுகிறான் என்று பள்ளிக்கூடத்திலிருந்து திருப்பிக் கூட்டிக்கொண்டு போனார்கள். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். அப்புறம் இன்னொரு வருஷம். நான் ஒன்றாவதில் உட்கார்ந்தபோது என் உயரத்துக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. எல்லாம் பொடிசுகள். கூச்சப்பட்டுக்கொண்டே நாலாவது வரை ஓட்டினேன், அவ்வளவுதான். ஸ்கூல் எங்கேயும் ஓடிப்போகாது என்பது உண்மை. நம் கால்தான் திரும்பி வராமல் போய்விடுகிறது. ஆகவே தீபத்துக்குள் நீ அழுகையை நிறுத்த வேண்டும். எனக்கு அந்த வருஷம் வேறு வேண்டுதல் இல்லை.

டீச்சர் ஒருநாள் ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டார். "ஏங்க, தினமும் வேப்பமரத்துக்குக் காவல் காக்குறீங்களே, உள்ள வந்து இந்தச் சுவத்துக்கு வெள்ளையடிச்சிக் குடுங்களேன். தீபத்துக்கு மொத நாள் அம்மாங்கள எல்லாம் வரச் சொல்லியிருக்கேன். பசங்களோட சேந்து சுவத்த அலங்காரம் பண்ணணும்."

"பண்ணிடலாம் டீச்சர்" என்றேன். உள்ளே நுழைய ஒரு காரணம் கிடைத்ததே எனக்குப் பெரிது.

பிள்ளைகளை ஆயா சாய்ப்புக்குக் கூட்டிக்கொண்டு போய் வைத்துக்கொண்டாள். ஈரச் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து என்று நான்தான் சொல்லி அனுப்பினேன். நீ மட்டும் வாசற்படியைத் தாண்டமாட்டேன் என்று அங்கேயே நின்று பார்த்தாய். நன்றாகக் கெட்டியாகக் கரைத்து, துளி நீலம் சேர்த்து, இரண்டு கை அடித்தேன். வெளியே தூறல் விடவே இல்லை. வெயில் இருந்தால் மத்தியானத்துக்குள் காய்ந்து பளீரென்று வந்துவிடும் சுவர், மறுநாள் காலையிலும் தொட்டால் ஜில்லென்று இருந்தது. மேலே காய்ந்திருந்தது. உள்ளே ஈரம். கையில் ஒட்டவில்லை, அது போதும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்தது சுவரில் மலை வரைவது, தீபம் ஏற்றுகிற நம் மலை. காவியைக் கரைத்து எடுத்துக்கொண்டு சுவர் முன்னால் நின்றேன். நான் ஒரு கோடு இழுத்ததுமே பின்னாலிருந்து ஒரு குண்டுப் பையன், "இது எங்க மலை இல்ல" என்றான்.

"ஏன்டா?"

"எங்க ஊட்டாண்ட இப்டி இருக்காது. இங்க ஒரு முட்டு இருக்கும்" என்று கை முட்டியை மடக்கிக் காட்டினான்.

இன்னொரு பெண்குழந்தை எழுந்தது. "போடா, எங்க மாமா ஊர்லேர்ந்து பாத்தா ரெண்டு முட்டு!"

பார்த்துக்கொண்டிருக்கும்போதே வகுப்பு நாலு கட்சியாகிவிட்டது. மலையைச் சுற்றி இருக்கிற பிள்ளைகள், ஒவ்வொருவர் வீட்டிலிருந்தும் மலை ஒவ்வொரு மாதிரி. டீச்சர் சிரித்துக்கொண்டே, "சரி, ஜன்னல்ல தெரியிற மலைய அவரு போடட்டும். அது நம்ம எல்லாருக்கும் பொது" என்றார். அப்படியே போட்டேன். குண்டுப் பையன் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. அவனுக்காக ஓரத்தில் சின்னதாக ஒரு முட்டு வைத்தேன்.

விளக்குகள் செய்ய டீச்சர் மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பட்டக் காகிதம் வாங்கி அலமாரி மேல் வைத்திருந்தார். எடுத்துப் பார்த்தால், ஓடு ஒழுகி, எல்லாம் ஒன்றோடொன்று ஊறிக் களியாகக் கிடந்தது. டீச்சர் முகம் சுருங்கிவிட்டது. ஆயா எட்டிப் பார்த்தாள்.

"இதுக்கா மூஞ்சியத் தொங்கப்போடுற? மஞ்சத்தூளு கீது, பழைய பேப்பரு கீது. முக்கி எடுத்தா மஞ்சக் காயிதம். மழையில கடைக்கு யாரு ஓடுறது?"

அப்படியே செய்தோம். அகலத் தட்டில் மஞ்சளைக் கரைத்து, பழைய செய்தித்தாளை அதில் தோய்த்து, அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப்போட்டோம். சாய்ப்பு முழுக்க மஞ்சள் வாசனை. காய்ந்த தாளைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, கையாலேயே கிழிக்கச் சொன்னார் டீச்சர். தீபச் சுடர் கிழிக்க வேண்டும். ஒன்று மாவிலை மாதிரி வந்தது, ஒன்று மீன் மாதிரி, ஒன்று யாருடைய காதோ மாதிரி. "டீச்சர், எனக்கு ஆடு வந்துடுச்சி" என்றது ஒரு குழந்தை. "காத்துல ஆடுற தீபம் அப்டித்தான் இருக்கும், நல்லாருக்கு" என்றார் டீச்சர். எல்லாருக்கும் அதையேதான் சொன்னார்.

நான் மைதா மாவில் பசை காய்ச்சினேன். சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் போடுவார்கள், அது விஷம். நான் போடவில்லை. அது நல்லதாகப் போயிற்று. குண்டுப் பையன் ஒட்டினதைவிடத் தின்றதுதான் ஜாஸ்தி.

நீ? என் காலைக் கட்டிக்கொண்டு நின்றாய். நான் நகர்ந்தால் நீயும் நகர்ந்தாய். "அழுமூஞ்சி பாப்பா, நீ ஒண்ணு கிழி" என்று ஒரு பெண்குழந்தை தாளை நீட்டியது. நீ வாங்கவில்லை. டீச்சர் என்னிடம் மெதுவாக, "நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க, அவளப் பாக்கவும் வேணாம்" என்றார். நானும் பார்க்காமல் பசையைக் கிண்டினேன். கொஞ்ச நேரம் கழித்து என் முழங்காலுக்குப் பின்னால் 'சர்ர்' என்று தாள் கிழிகிற சத்தம். திரும்பவில்லை. கழுத்து வலித்தது, இருந்தாலும் திரும்பவில்லை.

ஒட்டுகிற நேரம் வந்தது. எல்லாருக்கும் மலை உச்சிதான் வேண்டும். தள்ளுமுள்ளு. டீச்சர் கையைத் தட்டினார். "உச்சியில தீபம் எப்ப ஏத்துவாங்க?"

"மொதல்ல!"

"ஆமா, அது தெரிஞ்ச பிறகுதான ஊட்டுல வெளக்கு ஏத்துவோம். நாம இங்க மாத்தி வெச்சிக்கலாம். மொதல்ல கீழ நம்ம ஊட்டு விளக்கு எல்லாம். உச்சி நாளைக்கி."

அடிவாரம் முழுக்கப் பிள்ளைகள் உயரத்துக்கு மஞ்சள் சுடர்களாக ஒட்டி முடித்தோம். நீ உன்னுடையதை ஒட்டவில்லை. கிழித்ததைக் கைக்குள் வைத்து மூடிக்கொண்டாய். கேட்டால் தரவில்லை. அன்று வீட்டுக்கு வரும்போதும் அது உன் கைக்குள்தான் இருந்தது. தூங்கும்போது தலையணைக்குக் கீழே.

மறுநாள், அம்மாக்கள் வர வேண்டிய நாள். வழக்கம்போல ஜன்னல் கம்பியில் துண்டைக் கட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரே கூச்சல். எட்டிப் பார்த்தேன். மலையடிவாரத்தில் ஒரு மஞ்சள் சுடர்கூட இல்லை. எல்லாம் சிவப்பு. சில தாள் முழுக்கக் குங்குமமாக, சில தாள் ஓரத்திலிருந்து நடுவே ஊறி வந்ததுபோலத் திட்டுத்திட்டாக. பசை ஈரத்தில் உள்ளே இருந்த சுண்ணாம்பு இராத்திரியெல்லாம் மஞ்சளைத் தேடி வந்துவிட்டது.

யோசித்துப் பாருங்கள். கல்யாணம் ஆனால் தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் கரைத்து ஆலம் சுற்றுகிற ஊர். மஞ்சளில் சுண்ணாம்பு விழுந்தால் சிவக்கும் என்று தெரியாதவர் யார்? எனக்குத் தெரியாதா, டீச்சருக்குத் தெரியாதா, ஆயாவுக்குத் தெரியாதா? தாம்பாளத்தில் தெரிந்தது, சுவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை!

"அய்யோ, அம்மாங்க வர நேரம்" என்று டீச்சர் தலையில் கை வைத்தார். ஆயா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "நல்லா கீதுன்றேன். சுவத்துக்கே ஆலம் சுத்தினா மாரி கீது" என்றாள். ஆனால் பிள்ளைகள் சமாதானம் ஆகவில்லை. குண்டுப் பையன்தான் முதலில் ஆரம்பித்தான். "என் வெளக்குல ரத்தம்! என் வெளக்குக்கு அடிபட்டுடுச்சி!" என்று தேம்பினான். அவனைப் பார்த்து இன்னும் இரண்டு பிள்ளைகள். எனக்குப் பயமாகிவிட்டது. இவ்வளவு பேர் அழுதால் நீ எங்கே நிறுத்துவாய்?

நீ அழவில்லை. துண்டுக்குக் கீழே உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாய். அப்புறம் எழுந்து போய் அவன் முன்னால் நின்றாய்.

"ரத்தம் இல்ல" என்றாய். அந்த அறையில் நீ மற்றவர்களிடம் பேசின முதல் வார்த்தை அது.

அவன் தேம்பிக்கொண்டே பார்த்தான்.

"எங்கப்பா கையி தெனமும் செவக்கும். கொழம்பு ஊத்திப் பெசஞ்சா செவக்கும். வலிக்காது."

உண்மைதான். எவ்வளவு கழுவினாலும் நகக்கண்ணில் சுண்ணாம்பு நிற்கும். சோறு பிசையும்போது விரல் ஓரம் சிவக்கும். தினமும் நீ என் தட்டுக்கு எதிரில் உட்கார்ந்து அதைப் பார்த்துச் சிரிப்பாய்.

"பொய்யி" என்றான் அவன்.

"பொய்யி இல்ல. பாக்கிறியா?" என்று விறுவிறுவென்று சாய்ப்புக்குப் போனாய். அங்கே மஞ்சள் கரைத்த தட்டில் மிச்சம் இருந்தது. கையை முழுக்க அதில் வைத்து எடுத்துக்கொண்டு, சொட்டச் சொட்ட ஓடிவந்து, ஜன்னலில் தொங்கின என் துண்டில் பட்டென்று ஒரு அறை. அந்தத் துண்டில் இல்லாத சுண்ணாம்பா? பிள்ளைகள் எல்லாம் ஜன்னலடியில் கூடிவிட்டார்கள். வெளியே நின்ற எனக்குத் துண்டின் பின்பக்கமும் ஒரு கூட்டம் தலைகளும்தான் தெரிந்தன. "ஆ…" என்று ஒரு சத்தம் வந்தது. குண்டுப் பையன், "எனக்கு, எனக்கு" என்று கையை நீட்டினான். அழுகை போன இடம் தெரியவில்லை. நான் உள்ளே ஓடி, ஆயாவிடம் தண்ணீர் வாங்கி முதலில் உன் கையைக் கழுவினேன்.

கழுவும்போதுதான் பார்த்தேன், உன் இன்னொரு கை இன்னும் மூடியே இருந்தது. டீச்சரும் பார்த்தார். குனிந்து, "உள்ள இன்னா இருக்குது?" என்றார். நீ விரலைத் திறந்தாய். கசங்கிப்போன ஒரு மஞ்சள் சுடர். அந்த வகுப்பில் மிச்சம் இருந்த ஒரே மஞ்சள்.

"உச்சிக்கு ஒண்ணு வேணுமே" என்றார் டீச்சர். "எனக்கு எட்டும். ஆனா இது உன்னுது, நீதான் ஒட்டணும். தூக்கட்டுமா?"

நீ என்னைப் பார்த்தாய். நான் பசைக் கிண்ணத்தைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது நீ டீச்சர் இடுப்பில் இருந்தாய். ஒரு கை அவர் கழுத்தைச் சுற்றி இருந்தது. இன்னொரு கை மலை உச்சியில் தாளை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தது. இறங்கியதும், "இதுவும் செவக்கும் பாரு" என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டுச் சுவர் முன்னால் சம்மணம் போட்டாய். பக்கத்தில் குண்டுப் பையன். அவனுக்கு அந்தப் பக்கம் மற்றவர்கள். மலையில் தீபம் ஏற்றக் காத்திருக்கிற கூட்டம் மாதிரி எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள்.

நான் வாசலில் நின்றேன். ஜன்னலை நீ திரும்பிப் பார்க்கவில்லை. நேரம் ஆகிக்கொண்டிருந்தது, மேஸ்திரி காத்திருப்பார். சொல்லாமல் போக மனசு வரவில்லை.

"கண்ணு, துண்டு இருக்கட்டுமா?"

"எடுத்துக்கினு போப்பா" என்றாய். திரும்பவில்லை. "சும்மா பேசாத, அது செவக்கப் போவுது."

அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன். தெருக்கோடி வரை காதைத் தீட்டிக்கொண்டே போனேன். "யப்பா" என்று குரல் வரவில்லை. சந்தோஷம்தான். கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது, பொய் சொல்ல வேண்டாம்.

சாரத்தில் மேஸ்திரிதான் கேட்டார். "இன்னாப்பா தோள்ல? யாருன்னா அறைஞ்சாங்களா?" அப்போதுதான் துண்டை எடுத்து விரித்துப் பார்த்தேன். முனையில் ஒரு சின்னக் கை, ஐந்து விரலும் விரித்து, சிவப்பாக.

"என் பொண்ணு மேஸ்திரி. இன்னியோட பால்வாடியில என் பேர எடுத்துட்டாங்க" என்றேன். அன்றைக்கு அவரும் சேர்ந்து சிரித்தார்.

சாயங்காலம் உங்கள் அம்மா பூக் கட்டவில்லை. அவள் மத்தியானம் பால்வாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். நீ மூலையில் தூங்கிக்கொண்டிருந்தாய்.

"எல்லாப் பொம்பளைங்களும் சுவத்தப் பாத்துட்டு, செவப்பு வெளக்கு நல்லா கீதுன்றாங்க. இவ என்னாண்ட ஓடி வருவான்னு பாத்தா, 'அம்மா, நீ அந்தாண்ட உக்காரு, மறைக்குது'ன்றா."

"அழுதாளா?"

"எதுக்கு அழுவுறா? அந்தக் குண்டுப் பையன மெரட்டிக்கினு இருக்கா." எழுந்து போய் உன் போர்வையை இழுத்து விட்டாள். அப்புறம், "தீபம் முடிஞ்சி நானே இட்டுனு போய் வுடுறேங்க. நீங்க நேரத்தோட வேலைக்குக் கெளம்புங்க" என்றாள்.

உச்சியில் ஒட்டின உன் விளக்கு சிவந்ததா என்று நான் கேட்க மறந்துவிட்டேன்.

மறுநாள் தீபம். மழை விட்டு வெயில் வந்திருந்தது. நீ எழுவதற்கு முன் வேலைத் துணிகளை எடுத்துக்கொண்டு தெருக் குழாய்க்குப் போனேன். சட்டையையும் வேட்டியையும் சோப்புப் போட்டுத் துவைத்துக் கொடியில் வெயிலில் போட்டேன். துண்டை மட்டும் ஒரு முனையைக் கையில் உயரப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கசக்கிப் பிழிந்தேன். மஞ்சளில் வந்த நிறம் வெயில் பட்டால் நிற்காது. ஆகவே அதை வீட்டுக்குள் கொண்டுவந்து, கதவுக்குப் பின்னால் ஆணியில் நிழலில் மாட்டினேன்.